வீட்டுக்காரர் கேட்கும் கேள்வியை ஆய்வுத்தாள் ஏன் கேட்பதில்லை?

திருப்பூரில் வாடகைக்கு வீடு தேடிப் போன யாருக்கும் அந்தக் கேள்வி புதிதல்ல. முன்பணம் எவ்வளவு, தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும் என்று நாம் கேட்பதற்கு முன்பே வீட்டுக்காரர் கேட்டுவிடுவார்: "நீங்க என்ன ஆளுங்க?" பதில் அவருக்குப் பிடிக்கவில்லை என்றால், அந்த வீட்டை நேற்றே வேறு யாருக்கோ பேசி முடித்திருப்பார். சிலர் நேரடியாகக் கேட்கமாட்டார்கள். சொந்த ஊர் எது, ஊரில் எந்தப் பக்கம், கும்பிடுகிற சாமி எது என்று சுற்றி வளைத்து அதே இடத்துக்கு வந்து சேர்வார்கள்.

இதே கேள்வியை நான் ஒரு வினாத்தாளில் எழுதியபோது அது தவறாகிவிட்டது.

உளவியல் இளநிலைப் படிப்பில் ஆய்வு முறைகளும் புள்ளியியலும் எங்களுக்குப் பாடம். பயிற்சிக்காக ஆளுக்கொரு வினாத்தாள் தயாரித்து, பத்திருபது பேரிடம் நிரப்பி வாங்கி, கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்களின் மன அழுத்தத்தை நான் எடுத்துக்கொண்டேன். வயது, படிப்பு, திருமணம், வேலை, சம்பளம் என்ற வரிசையில் சாதிக்கும் ஒரு கட்டம் போட்டிருந்தேன். அந்த ஒரு கட்டத்தை மட்டும் சிவப்பு மையால் அடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். "இதெல்லாம் சென்சிடிவ். மன அழுத்தத்துக்கும் சாதிக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார்கள்.

சம்பந்தம் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதற்குத்தானே ஆய்வு? அன்றைக்கு இதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பயமாகவும் இருந்தது. கட்டத்தை எடுத்துவிட்டேன். ஒரு வருடம் அந்தப் பாடத்தைப் படித்த பிறகு இப்போது சொல்லத் தெரிகிறது. ஓர் ஆசிரியரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவரும் அப்படித்தான் படித்து வந்திருப்பார். புள்ளியியல் என்றால் ஏதோ கணக்குப் பாடம், நமக்கு எதற்கு என்று ஒதுக்கிவிடுகிற நம் பிள்ளைகளுக்காகவும், நம் இயக்கத் தோழர்களுக்காகவும் எழுதுகிறேன்.

மனிதர்களின் மனதைப் புரிந்துகொள்ளலாம் என்றுதான் பெரும்பாலானவர்கள் உளவியலுக்கு வருகிறோம். வந்ததும் திட்ட விலக்கம், ஒட்டுறவுக் கெழு, கருதுகோள் சோதனை என்று எதிரே நிற்கும். தமிழ் வழியில் பன்னிரண்டாவது முடித்து வந்த முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்கு அது ஆங்கிலத்திலும் நிற்கும், கணக்கிலும் நிற்கும். "நமக்கு மேத்ஸ் வராது" என்று தங்களைத் தாங்களே முத்திரை குத்திக்கொண்டு பின் பெஞ்சுக்குப் போனவர்கள் என் வகுப்பிலேயே இருக்கிறார்கள். நானும் அதில் ஒருவனாக இருந்திருப்பேன். எனக்கு அந்தப் பாடத்தைத் திறந்துவிட்டது என் அம்மா.

அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங். இருபது வருடமாக டியூப் லைட்டுக்குக் கீழே நின்றுகொண்டு ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது என்று பார்த்துப் பார்த்துப் பிரிப்பது வேலை. சரக்கு கப்பலுக்குப் போகும் முன் பையரின் க்யூசி வருவார். 3,000 பீஸ் கொண்ட லாட் என்றால் அத்தனையையும் பிரித்துப் பார்க்கமாட்டார். 125 பீஸ் எடுப்பார். வழக்கமான 2.5 ஏக்யூஎல் கணக்கில் பெரிய குறை 7 பீஸ் வரை இருந்தால் மொத்த லாட்டும் பாஸ். 8 ஆனால் மொத்தமும் ரிஜெக்ட். இதுதான் மாதிரியை வைத்து முழுத் தொகுதியைப் பற்றி முடிவுக்கு வருவது. பாடநூலில் நாற்பது பக்கம் இருப்பது இதைத்தான்.

இதில் முக்கியமான ஒன்றை அம்மாதான் சொன்னார். "பேக்கிங்காரங்க எடுத்துக் குடுக்கற பொட்டிய க்யூசி தொடவே மாட்டாரு கண்ணு. அடியில கெடக்கறது, மூலையில கெடக்கறதுன்னு அவரா கை காட்டுவாரு. நாங்க குடுக்கறத வாங்கிப் பாத்தா நல்லதாத்தானே குடுப்போம்?" சமவாய்ப்பு மாதிரி ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

அதே கம்பெனிகளுக்குத் தொழிலாளர் நிலைமையைப் பார்க்கவும் ஆடிட் வருகிறது. அப்போது யாரைப் பேச அனுப்புவது என்பதைப் பல இடங்களில் நிர்வாகம் முடிவுசெய்கிறது. என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று முதல் நாளே பாடம் நடக்கிறது. சட்டைக்குக் கிடைக்கிற நியாயமான மாதிரி, சட்டையைத் தைத்தவளுக்குக் கிடைப்பதில்லை.

என் வினாத்தாளுக்கும் அதுதான் நடந்தது. முதலில் ஒரு கம்பெனியில் அனுமதி கேட்டு, சாப்பாட்டு நேரத்தில் கொடுத்தேன். சூப்பர்வைசர் பக்கத்திலேயே நின்றார். எல்லோரும் "பிரச்சினை இல்லை" என்ற கட்டத்தில் டிக் அடித்துக் கொடுத்தார்கள். அந்தத் தாள்களை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், உலகத்திலேயே மன அழுத்தம் குறைந்த பெண்கள் திருப்பூர்ப் பெண்கள்தான் என்று வரும். பிறகு ஞாயிற்றுக்கிழமை லைன் வீடுகளுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து பேசினேன். அதே பெண்கள் ஒன்றரை ஷிப்ட் முடிந்து வந்து தூங்க முடியாததைச் சொன்னார்கள். ஒரு பிழைக்கு மேஸ்திரி என்ன சொல்லித் திட்டுவார் என்பதைச் சொன்னார்கள். ஒரு அக்கா, தன் பெயரைச் சொல்லித் திட்டாமல் சாதியைச் சொல்லித் திட்டுவார்கள் என்றார். அதை எழுத என் தாளில் கட்டம் இல்லை. நான்தான் எடுத்துவிட்டேனே.

இந்த இடத்தில்தான் கருதுகோள் சோதனை எனக்குப் புரிந்தது. புள்ளியியலில், "வித்தியாசம் எதுவும் இல்லை" என்பதிலிருந்துதான் தொடங்குவார்கள். வித்தியாசம் இருக்கிறது என்று சொல்பவர்தான் தரவு கொண்டுவந்து அதை மறுக்க வேண்டும். "இப்பெல்லாம் யாருங்க சாதி பாக்கறாங்க, திருப்பூர்ல உழைச்சா முன்னேறலாம்" என்ற பேச்சு இந்த ஊரின் தொடக்கக் கருதுகோள். மறுக்கிற சுமை எப்போதும் நம் தலையில். ஆனால் தரவு சேர்க்கும் தாளிலிருந்தே சாதியை அடித்துவிட்டால் அதை யாராலும் மறுக்கவே முடியாது. "ஆய்வில் சாதி வேறுபாடு எதுவும் தென்படவில்லை" என்று ஒரு வரி வந்துவிடும். பார்க்காததால் தென்படவில்லை என்பது அடுத்து வாசிப்பவருக்குத் தெரியாது. ஐந்து பீஸை மட்டும் புரட்டிவிட்டு டேமேஜே இல்லை என்று எழுதிக் கொடுக்கிற செக்கருக்கு அம்மாவின் கம்பெனியில் மறுநாள் வேலை இருக்காது.

சராசரியும் இப்படி ஏமாற்றும். மார்பளவு 50 செ.மீ. இருக்க வேண்டிய சட்டையில் பாதி 46, பாதி 54 என்று வந்தாலும் சராசரி 50தான். ஒரு சட்டைகூடத் தேறாது. அதனால்தான் அளவுத் தாளில் கூடக் குறைய எவ்வளவு போகலாம் என்றும் போட்டிருக்கிறார்கள். திட்ட விலக்கம் என்று பயமுறுத்துகிறார்களே, அது சராசரியிலிருந்து பீஸ்கள் எவ்வளவு தூரம் சிதறியிருக்கின்றன என்ற கணக்குதான். ஒன்பது பேருக்கு 500 ரூபாய், ஒருவருக்கு 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சராசரிக் கூலி 750. அந்த 750 ரூபாயை அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட வாங்கவில்லை. வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதைப் பார்த்தால் 500 என்ற உண்மை தெரியும். எந்த எண்ணைச் சொல்வது என்பதில் அரசியல் இருக்கிறது.

அரசியல் இந்தப் பாடத்தின் பிறப்பிலேயே இருக்கிறது. நாங்கள் முதலில் படிக்கும் ஒட்டுறவு என்ற கருத்தைக் கொண்டுவந்தவர் பிரான்சிஸ் கால்டன். அறிவு குடும்ப வழியாக வருகிறது என்று 1869இல் புத்தகம் எழுதியவர், 1883இல் இனமேம்பாட்டியலுக்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்தவர் அவர்தான். அந்தக் கெழுவுக்குத் தன் பெயரைக் கொடுத்த கார்ல் பியர்சன் 1911இல் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் இனமேம்பாட்டியல் பேராசிரியரானார். இவர்கள் பெயரிலிருந்த கட்டடங்களின் பெயரை அந்தக் கல்லூரி 2020இல் நீக்கியது. நம் நாட்டில் ரிஸ்லி மூக்கை அளந்து சாதிகளை வரிசைப்படுத்தினார். பிறகு 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கே ஆணையராக இருந்தார்.

அதனால் இந்தக் கருவியையே தூக்கி எறிந்துவிட வேண்டுமா? அண்ணல் அம்பேத்கர் அப்படிச் செய்யவில்லை. தீண்டப்படாதார் யார் என்று ஆராய்ந்த 1948ஆம் ஆண்டு நூலில் அதே மூக்கு அளவு அட்டவணைகளை எடுத்துக்கொண்டார். மாகாணம் மாகாணமாகப் பார்ப்பனர் அளவையும் தீண்டப்படாதார் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டும் வேறு வேறு இனம் என்பதை அந்த எண்களே பொய்யாக்கின. எதிரி செய்த அளவுகோலாலேயே எதிரியின் வாதத்தை அளந்து காட்டினார். அட்டவணை வாசிக்கத் தெரிந்தவரால்தான் அதைச் செய்ய முடியும்.

நம் மண்ணின் இயக்கமும் அட்டவணையோடுதான் தொடங்கியது. 1916 டிசம்பரில் வந்த பார்ப்பனரல்லாதார் அறிக்கையின் பலம், அதில் இருந்த எண்கள்தான். சென்னை மாகாணத்தில் 128 மாவட்ட முன்சீப்புகளில் 93 பேர் பார்ப்பனர். 140 துணை ஆட்சியர்களில் 77 பேர் பார்ப்பனர். மக்கள்தொகையில் அவர்கள் சுமார் 3 விழுக்காடு. இதற்குப் பிறகு "திறமை" என்று பேசியவர்கள்தான் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. ஆனால் அதே அட்டவணையிலிருந்து இன்னொரு பாடத்தையும் நாம் கற்க வேண்டும். "பார்ப்பனரல்லாதார்" என்ற ஒரே கட்டத்துக்குள் நிலம் வைத்திருந்தவரும் அந்த நிலத்தில் அடிமை வேலை செய்தவரும் இருந்தார்கள். கொங்கு மண்டலத்தில் இன்று அருந்ததியரின் முதுகில் உட்கார்ந்திருப்பது பார்ப்பனர் மட்டும் அல்ல. கட்டத்தை எப்படிப் பிரிக்கிறோமோ அப்படித்தான் உண்மை தெரியும்.

இனி உளவியலுக்கு வருகிறேன். சாதி மனதை என்ன செய்கிறது என்பதை இந்திய மண்ணில் சோதித்துக் காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் 2004இல் உலக வங்கியின் ஆய்வுத்தாளாக வெளியிட்டார்கள். உத்தரப்பிரதேசக் கிராமத்துப் பள்ளி மாணவர்கள், ஆதிக்கச் சாதியினர் 321 பேர், தாழ்த்தப்பட்டோர் 321 பேர். ஆறு ஆறு பேராக உட்காரவைத்து, தாளில் வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். ஒரு புதிருக்கு ஒரு ரூபாய். நம் ஊர்ப் பாஷையில் பீஸ் ரேட்.

சில குழுக்களில் யார் என்ன சாதி என்று சொல்லவில்லை. அங்கே இரு தரப்பும் ஒரே மாதிரி புதிர் போட்டார்கள். வேறு சில குழுக்களில் ஒவ்வொரு பையனின் பெயர், ஊர், அப்பா பெயர், தாத்தா பெயர், சாதி எல்லாவற்றையும் எல்லோர் முன்னாலும் வாசித்துவிட்டுத் தொடங்கினார்கள். அங்கே தலித் பையன்கள் போட்ட புதிர்களின் எண்ணிக்கை சரிந்தது. புதிர் அதேதான், அதே வயதுப் பையன்கள்தான். மாறியது அறையில் உச்சரிக்கப்பட்ட ஒரு சொல். பரிசு யாருக்கு என்பதைக் குலுக்கல் முடிவுசெய்யும் என்று ஆனபோது அந்த இடைவெளி மறைந்தது. நியாயமாக நடத்தமாட்டார்கள் என்ற அவநம்பிக்கையே கையைக் கட்டுகிறது என்பது ஆய்வாளர்கள் கண்ட விளக்கம்.

இந்த ஆய்வைப் படித்த அன்று எங்கள் பள்ளியில் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே "எஸ்சி பிள்ளைங்க எந்திரிச்சு நில்லுங்க, ஸ்காலர்ஷிப் பாரம் வந்திருக்கு" என்று சொல்லும் குரல் என் காதில் கேட்டது. அதற்கு அடுத்த பீரியடில்தான் எனக்குக் கணக்குப் பாடம் இருக்கும்.

ஒப்பிட ஒரு குழு இல்லாமல் அந்தப் பையன்களின் மதிப்பெண்ணை மட்டும் பார்த்திருந்தால் உளவியல் என்ன சொல்லியிருக்கும்? தன்னம்பிக்கைக் குறைவு, ஊக்கக் குறைவு, வீட்டுச் சூழல் சரியில்லை. நோய் பையனின் தலைக்குள் இருக்கிறது என்று எழுதி, தலைக்கு ஆலோசனை கொடுத்திருக்கும். சாதியைச் சொல்லாத குழு ஒன்று பக்கத்தில் இருந்ததால்தான், கோளாறு பையனிடம் இல்லை, அறையில் இருக்கிறது என்று நிரூபிக்க முடிந்தது. சுக்தேவ் தோரட், பால் அட்டுவெல் 2007இல் வெளியிட்ட ஆய்வும் இதே வழியில் போனதுதான். தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். ஒரே தகுதி, பெயர் மட்டும் வேறு. தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, ஆதிக்கச் சாதிப் பெயருக்கு இருந்ததில் மூன்றில் இரண்டு பங்கு அளவில்தான் இருந்தது. "தகுதி இல்லை" என்ற வாதத்துக்கு இதைவிடச் சுருக்கமான பதில் கிடையாது.

இதே ஆய்வுதான் எனக்கு ஓர் எச்சரிக்கையும் தந்தது. சாதியைக் கேட்கவே கூடாது என்பது தவறு என்றால், எப்படி வேண்டுமானாலும் கேட்கலாம் என்பதும் தவறு. எல்லோர் முன்னாலும் சாதியைச் சொல்லவைத்தால் அதுவே காயம். என் தாளில் சாதிக் கட்டம் இருந்தது முதல் பக்கத்தில், பெயருக்குக் கீழே. சூப்பர்வைசர் எட்டிப் பார்க்கும் இடத்தில். அப்படியே போயிருந்தால் அந்த அக்காவுக்கு நான் செய்திருப்பது கெடுதல்தான். பெயர் எழுதாத தாள், கடைசிப் பக்கத்தில் கேள்வி, சொல்ல விருப்பமில்லை என்றால் விட்டுவிடும் உரிமை, வேலை செய்யும் இடத்துக்கு வெளியே சந்திப்பு, நிரப்பிய தாள் யார் கைக்கும் போகாது என்ற உறுதி. இவ்வளவும் சேர்ந்ததுதான் ஆய்வு முறை. ஆசிரியர் "சென்சிடிவ்" என்று சொன்னது உண்மை. அதற்கு மருந்து கேள்வியை அடிப்பது அல்ல, கேட்கும் முறையைக் கற்றுக்கொடுப்பது.

இது வகுப்பறைச் சண்டை மட்டும் அல்ல. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். அவர்களில் 26.4 விழுக்காட்டினர் தினக்கூலிகள். காரணங்களில் முதலிடம் "குடும்பப் பிரச்சினை", 31.7 விழுக்காடு. காரணத்தை எழுதுவது காவல் நிலையம். கந்துவட்டி, சாதி மீறிய காதல், ஊரில் பட்ட அவமானம் எல்லாமே காவல் நிலையத்துக் காகிதத்தில் குடும்பப் பிரச்சினை ஆகிவிட முடியும். வயது, பாலினம், படிப்பு, தொழில் என்று அட்டவணை அட்டவணையாக வரும் அந்த அறிக்கையில் சாதிவாரி அட்டவணை இல்லை. உடுமலையில் பட்டப்பகலில் சங்கர் வெட்டப்பட்ட மாவட்டம் இது. அன்று கேமரா இருந்தது. கேமரா இல்லாத வீடுகளுக்குள் நடப்பது எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று யார் பார்ப்பது?

சாதியையும் சேர்த்துப் பார்த்தால் திருப்பூரின் கதையே வேறு மாதிரி தெரியும். கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நேவ் இருவரும் திருப்பூரைச் சுற்றியுள்ள இரண்டு கிராமங்களை ஒப்பிட்டு 2014இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். "டி-சர்ட்டுகளும் டம்ளர்களும்" என்பது அதன் தலைப்பு. ஒரு கிராமத்தில் தலித்துகளால் பனியன் வேலைக்குப் போய்வர முடிந்தது, ஆதிக்கச் சாதியைச் சார்ந்திருப்பது குறைந்தது. மற்றொன்றில் விசைத்தறி முதலாளியிடம் வாங்கிய முன்பணம் கழுத்துக் கயிறானது. ஒரே வட்டாரம், ஒரே தொழில் வளர்ச்சி. முதல் கிராமத்தை மட்டும் பார்த்தவர் "தொழில் வந்தால் சாதி போய்விடும்" என்பார். இரண்டாவதை மட்டும் பார்த்தவர் "எதுவும் மாறவில்லை" என்பார். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான், எந்த நிலைமையில் சாதியின் பிடி தளர்கிறது என்ற பயனுள்ள கேள்வி பிறக்கிறது. நம் இயக்கத்துக்கு வேண்டியது அந்தக் கேள்வி.

ஆகவே மூன்று விஷயங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

கல்லூரிகளுக்கு: ஆய்வு முறைப் பாடத்தைத் தமிழிலும் நடத்துங்கள். ஹாஃப் - பாண்டே ஆய்வும் தோரட் ஆய்வும் எங்கள் பாடநூலில் இல்லை. நானாகத் தேடித்தான் படித்தேன். அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த சோதனைகளை மனப்பாடம் செய்யும் எங்களுக்கு, பக்கத்துக் காலனியில் எப்படிக் கேள்வி கேட்பது என்பதையும் சொல்லிக்கொடுங்கள்.

இயக்கத் தோழர்களுக்கு: நாம் உண்மை அறியும் குழுக்கள் அமைக்கிறோம், அறிக்கை வெளியிடுகிறோம். எத்தனை பேரிடம் பேசினோம், அவர்களை எப்படித் தேர்ந்தெடுத்தோம், யார் விடுபட்டார்கள் என்று அதில் எழுதுவதில்லை. எதிரி முதலில் பிடிப்பது அந்த இடத்தைத்தான். 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படும் என்று ஒன்றிய அரசு 2025 ஏப்ரல் 30 அன்று அறிவித்திருக்கிறது. எல்லாச் சாதிகளையும் எண்ணி வெளியிட்ட கடைசிக் கணக்கு 1931இல் வந்தது. 2011இல் எடுத்த சாதி விவரங்களை வெளியிடவே இல்லை. எண்கள் வரும்போது அவற்றை வாசிக்கத் தெரிந்த ஆள்கள் ஒவ்வொரு ஊரிலும் நம்மிடம் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு வட்டத்தில் மாதம் ஒருநாள் ஓர் அட்டவணையை எடுத்து வைத்துப் பேசுவோம்.

என்னைப் போலப் பின் பெஞ்சில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு: உங்களுக்குக் கணக்கு வராது என்று சொன்னது யார், எந்த அறையில், யார் முன்னால் சொன்னார்கள் என்று ஒருமுறை யோசியுங்கள். உங்கள் வீட்டில் செக்கிங்கிலோ பேக்கிங்கிலோ இருப்பவர்கள் பாதிப் பாடத்தை ஏற்கெனவே தெரிந்து வைத்திருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள்.

அடுத்த பருவத்தில் எனக்கு மறுபடியும் கள ஆய்வு இருக்கிறது. இந்த முறையும் அந்தக் கட்டம் என் தாளில் இருக்கும், கடைசிப் பக்கத்தில், பெயர் இல்லாமல். அடித்தால், ஏன் அடிக்கிறீர்கள் என்று கேட்பேன். வீட்டுக்காரர் அந்தக் கேள்வியைக் கேட்பது நம்மை வெளியே நிறுத்த. நான் கேட்கப்போவது, வெளியே நிறுத்தப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ண.